பழமொழி எழுதக் கூடாது

உ

வோபர்ன், ஸ்காபரோ
21 ஜனவரி 1996

நிரூபாவின் அன்பு அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் தடிமன், இருமல் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உடுவிலை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்து, மீசாலையில் மாமி வீட்டில் உங்களோடு சேர்த்து நாற்பது பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வரிசையில் நின்று குளிக்கிற மனிதரா நீங்கள் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அழுதேன்.

எனக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. மோர்னிங்சைட் பக்கம் தனியாக இருக்கிற ஓர் அயர்லாந்துக் கிழவியைப் பார்த்துக்கொள்வது. பெயர் மிஸிஸ் டோலன். வயது எண்பத்துநாலு. கிழமையில் நாலு நாள் லோரன்ஸ் பஸ்ஸில் போய், குளிக்க வார்த்து, சூப் வைத்துக் கொடுத்து, மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவவின் இங்கிலீசு எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் ஒன்று விளங்கிவிட்டது. அந்த மனுசிக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பழமொழி இருக்கிறது. நான் சப்பாத்தைக் கழற்றினால் ஒன்று, கேத்தில் கொதித்தால் ஒன்று, தபால்காரன் பிந்தினால் ஒன்று. சங்கக் கடை மேசையில் இருந்துகொண்டு சீனி வாங்க வந்த சனத்துக்கெல்லாம் பழமொழி நிறுத்துக் கொடுத்தீர்களே, அதே மாதிரி. கனடா வரை ஓடிவந்தும் உங்களிடமிருந்து தப்ப முடியவில்லை பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். உங்களைக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்கான விண்ணப்பப் பாரங்களை இதோடு வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருக்கிறேன். அந்த மூன்று இடத்திலும் நீங்களே கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு கொழும்பில் டொக்டர் ஒருவர் பார்ப்பார். கையை மடக்கு, காலை நீட்டு என்பாராம். உடம்பில் ஒரு பழுது இருந்தாலும் தள்ளிவிடுவார்கள் என்று இங்கே சனம் கதைக்கிறது. அதனால் உடம்பைக் கவனமாக வைத்திருங்கள்.

கிளாலிக் கரையில் நானும் பிள்ளையும் வள்ளம் ஏறும்போது உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “பின்னாலை வருவியளோ?” ஓம் என்று சொல்லியிருக்கலாம், இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். நீங்கள் ஒரு பழமொழி சொன்னீர்கள். வள்ளக்காரன்கூடச் சிரித்தான். இரண்டரை வருஷமாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அது ஓமா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஆகவே இப்போது சட்டம் போடுகிறேன். இனி எனக்கு நீங்கள் ஒரு பழமொழியும் எழுதக் கூடாது. எழுதினால் கிழித்துக் குப்பையில் போடுவேன்.

நிரூபாவுக்குப் பதினான்கு வயது ஆகிவிட்டது. இடது கையால்தான் எழுதுகிறாள். அப்படியே விடச் சொல்லி ரீச்சர் சொல்லிவிட்டா.

கையெழுத்தை எதிர்பார்த்திருக்கும்,
புனிதவதி


உ

மீசாலை
10 மார்ச் 1996

அன்புள்ள புனிதத்துக்கு,

நான் சுகம். முழங்கால் நோவும் சுகமாக இருக்கிறது, உம்மை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது. உங்கள் தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். கொத்தமல்லி அங்கே கிடைக்கும்தானே.

உமது சட்டத்தை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு வேறு விதமாகக் கதைக்கத் தெரியாது, புனிதம். இருந்தாலும் சட்டம் சட்டம்தான். கீழே சில இடங்களில் கோடு இழுத்து விட்டிருக்கிறேன். அந்த இடங்களில் எனக்கு ஒன்று வாய்க்குள் வந்தது, எழுதவில்லை. நீரே நிரப்பிக்கொள்ளும்.

பாரங்கள் வந்தன. ஆறுதலாகப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். ————. சனம் ஊருக்குத் திரும்பலாம் என்று ஒரு கதை அடிபடுகிறது. பூட்டிவிட்டு வந்த உடுவில் வீட்டுத் திறப்பு இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. வீடு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். ————. கோபிக்க வேண்டாம்.

இங்கே பக்கத்துக் கொட்டிலில் கிறிஸ்துநாயகம் என்று ஒரு மாஸ்டர் இருக்கிறார். குருநகர், வேதக்காரர். நல்ல மனிதர். உமது கிழவியைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பழமொழிகளைக் கேட்டு எழுதச் சொல்கிறார். சட்டம் எனக்கு மட்டும்தானே? கிழவிக்கு இல்லையே?

பிள்ளை இடது கையால் எழுதுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சோத்துக்கை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? நான் இடது கையால் ஒரு மிடறு தண்ணிகூடக் குடித்ததில்லை. என்னுடைய எழுத்தை அவளுக்குக் காட்டும். சங்கக் கடை விலைப்பலகையில் நான் எழுதினதை அச்சடித்தது என்று நினைத்துத் தடவிப் பார்த்த சனம் உண்டு. அந்தக் கையின் பிள்ளை அவள்.

————. இது கடைசிக் கோடு. இதை நிரப்ப உமக்குத் தெரியும்.

என்றும் உமது,
இரத்தினவேல்


உ

வோபர்ன்
16 ஏப்ரல் 1996

நிரூபாவின் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நாங்கள் நலம். நிரூபா கடிதத்தை மேசையில் விரித்து வைத்துக் கோடுகளை நிரப்பினாள். முதல் இரண்டுக்கும் சரியாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். கடைசிக் கோட்டை நான் அவளுக்குக் காட்டவில்லை.

மிஸிஸ் டோலனின் ஊர் அயர்லாந்தில் லீற்றிம் என்ற பகுதி. மழையும் சேறும்தானாம். விறகு இல்லை. சேற்றை மண்வெட்டியால் செங்கல் மாதிரி வெட்டி, காயவைத்து, அதையே அடுப்பில் எரிப்பார்களாம். அந்தச் சேற்றுக்கட்டிக்கு ஒரு பழமொழி, கோழிக்கு ஏழெட்டு, கல்யாணத் தரகருக்கு இரண்டு. மாஸ்டருக்காக ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். இங்கே கீழே வெட்டியிருப்பது அதுதான். செத்த மீன் மாதிரிக் கிடந்தது, அதனால் வெட்டிவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கப் பார்க்காதீர்கள், நன்றாகத்தான் வெட்டியிருக்கிறேன்.

அவ கப்பலேறினது 1931இல், பத்தொன்பது வயதில். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்ததாம். யாராவது அமெரிக்கா, கனடா என்று வெளிக்கிட்டால், போவதற்கு முதல் நாள் அவருக்குச் செத்தவீடு மாதிரி ஒன்று நடத்துவார்களாம். ஊர்ச்சனம் முழுக்க வரும். பிடில் வாசிப்பார்கள், ஆடுவார்கள், பிறகு கிழவிகள் ஒப்பாரி வைப்பார்கள். போகிறவர் நடுவில் உயிரோடு குந்தியிருக்க வேண்டும். “நான் என்ரை செத்தவீட்டிலை ரெண்டு தரம் ஆடினனான்” என்று சொல்லிச் சிரிக்கிறா. பிறகு தாயின் பெயரைச் சொல்லி, கப்பைக் கீழே வைத்தா.

பாரங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது பதில் இல்லை. திறப்பு இடுப்பில் இருந்தால்

20 ஏப்ரல். மேலே உள்ளதைப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் விட்டுப் போனேன். இன்று தமிழ் வானொலியில் தென்மராட்சிக்குள் ஆமி வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். மீசாலை என்ற பெயரையும் சொன்னார்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? வீட்டையும் திறப்பையும் விட்டுவிடுங்கள். எங்கே இருந்தாலும் ஒரு வரி எழுதுங்கள்.

புனிதவதி


உ

வோபர்ன்
14 ஜூலை 1996

நிரூபாவின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பயமாக இருக்கிறது. இது பதில் வராமல் நான் அனுப்பும் நாலாவது கடிதம். எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாமல் வவுனியாவில் செல்வரட்ணம் அண்ணை கடைக்கு அனுப்புகிறேன். வன்னிக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவதாக ரெலிபோனில் சொன்னார்.

மிஸிஸ் டோலனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் உள்ளே வந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறா. இப்போதெல்லாம் தபால்காரனைப் பற்றிய பழமொழியைச் சொல்வதில்லை.

பழமொழி எழுதினாலும் பரவாயில்லை. எழுதுங்கள்.

புனிதவதி


†

அக்கராயன்
3 ஆகஸ்ட் 1996

அன்புள்ள புனிதத்துக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிளாலி கடந்து வன்னிக்கு வந்துவிட்டேன். உமது நாலு கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. பதில் பிந்தினதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வரும் வழியில் மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. ஆனபடியால் நான் சொல்லச் சொல்லக் கிறிஸ்துநாயகம் மாஸ்டர் எழுதுகிறார். அவரும் குடும்பமும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

இங்கே மரமும் தண்ணீரும் உண்டு. சாப்பாட்டுக்குக் குறையில்லை. பாரங்கள் பத்திரமாக இருக்கின்றன. நனையவில்லை. இப்போது அதற்கு அவசரம் இல்லை என்று நினைக்கிறேன்.

(தங்கச்சி, இது கிறிஸ்துநாயகம். இந்த இடத்தில் உங்கள் கணவர் ஒரு பழமொழி சொன்னார். கடைசிக் கடிதத்தில் நீங்கள் அனுமதி கொடுத்திருப்பதை நினைவுபடுத்தினேன். “அது பயத்திலை எழுதினது, செல்லாது. முதல் சட்டந்தான் சட்டம்” என்கிறார். ஆகவே எழுதவில்லை. நல்ல பழமொழி. வீணாகப் போகிறது.)

பிள்ளை நன்றாகப் படிக்கட்டும். அயர்லாந்துக் கிழவிக்கு என் வணக்கத்தைச் சொல்லும்.

இப்படிக்கு,
இரத்தினவேல்


உ

வோபர்ன்
13 ஒக்ரோபர் 1996

நிரூபாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். இப்போதுதான் நலம். உங்கள் கடிதம் வந்த நாளில் நான் இருந்த நிலையை எழுதத்தான் வேண்டும்.

உறையில் வேறொருவர் எழுத்து. ஒரு மூலையைக் கிழித்து உள்ளே பார்த்தேன். தலைப்பில் பிள்ளையார் சுழி இல்லை. சிலுவை. சுழி போடாமல் எங்கள் ஆட்கள் எழுதுவது எந்தச் செய்திக்கு என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியால் ஏழு மாடி ஏறி, யூஜினி வீட்டுக் கதவைத் தட்டினேன். யூஜினி என்னைப் போல இதே வேலை செய்கிற பாஷையூர் வேதக்காரப் பிள்ளை. அவள் வாசித்துவிட்டு, “அக்கா, உது செத்தவீட்டுக் கடிதமில்லை. எங்கடை ஆக்கள் எல்லாக் கடிதத்துக்கும் சிலுவைதான் போடுறவை” என்றாள். நான் அவளுடைய கதிரையில் இருந்து சத்தம் போட்டு அழுதேன். மாஸ்டரிடம் சொல்லுங்கள், அவர் மேல் கோபமில்லை, ஆனால் அடுத்த முறை சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சுழியும் போடச் சொல்லுங்கள்.

அழுது முடிந்த பிறகுதான் கோபம் வந்தது. கண்ணாடி உடைந்தால் கடிதம் எழுத முடியாது, சரி. கையெழுத்துப் போடுவதற்குக் கண்ணாடி எதற்கு? புள்ளடி போட்ட இடத்தை மாஸ்டர் விரலால் தொட்டுக் காட்டினால் போதுமே! அவசரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவசரம். வருகிற ஜூன் முடிவுக்குள் கையெழுத்து வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம். பிறகு முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

கொழும்புக்குப் போகிற நவரட்ணம் அண்ணையிடம் ஒரு கண்ணாடி கொடுத்துவிடுகிறேன். நம்பர் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. இனிக் கண்ணாடிச் சாட்டும் இல்லை.

வர விருப்பமில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். நான் தாங்குவேன். தாங்க மாட்டேன், ஆனாலும் எழுதுங்கள்.

புனிதவதி


† உ

அக்கராயன்
8 டிசம்பர் 1996

அன்புள்ள புனிதத்துக்கு,

நான் சுகம். நீங்களும் அவ்வண்ணமே இருக்க வேண்டும். கண்ணாடி கிடைத்தது. நல்ல தெளிவாகத் தெரிகிறது. மாஸ்டரின் மூக்கில் இருக்கிற மச்சம்கூடத் தெரிகிறது. உமக்கு வீண் சிரமம்.

இப்போது மலேரியாக் காய்ச்சல் வந்து போனதால் கை நடுங்குகிறது. அதனால் இதையும் மாஸ்டரே எழுதுகிறார்.

புனிதம், யோசித்துப் பார்த்தேன். நீர் வேலைக்குப் போகிறீர். பிள்ளை படிக்கிறாள். அங்கே உங்களுக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. நான் வந்து என்ன செய்யப் போகிறேன்? பனியில் ஒரு கிழவனையும் கூட்டிக்கொண்டு திரிய வேண்டும். ஜூனில் கோப்பை மூடினால் மூடட்டும். நீங்கள் இருவரும் அங்கே சுகமாக இருந்தால் அது போதும்.

(தங்கச்சி, கிறிஸ்துநாயகம். இதற்குப் பிறகு உங்கள் கணவர் ஒரு பழமொழியும் சொல்லவில்லை. எழுத இனி ஒன்றுமில்லை என்றார். நான் எழுதிக்கொடுக்கிறவன் மட்டும்தான். சொல்லாததை எழுத மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கண்ணால் காண்பதை எழுதலாம் என்று நினைக்கிறேன். மழை பெய்கிறது. உங்கள் கணவர் எனக்கு எதிரே வாங்கில் இருக்கிறார். தேத்தண்ணிக் கோப்பையை இடது கையில் பிடித்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்.)

இப்படிக்கு,
இரத்தினவேல்


உ

வோபர்ன்
5 பெப்ரவரி 1997

என் அன்புக்குரிய நிரூபாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மாஸ்டரிடம் கொடுக்காமல் நீங்களே வாசியுங்கள். கண்ணாடி இருக்கிறதுதானே. ஒரு பக்கமாகப் போய் இருந்து வாசியுங்கள்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் நான் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. வர விருப்பமில்லை என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டார், இனி என்ன என்று இருந்தேன். மாஸ்டர் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்ததைக்கூடச் சரியாக வாசிக்கவில்லை. மழை, தேத்தண்ணி என்று என்னவோ எழுதியிருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மிஸிஸ் டோலனுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். “புருசன்ரை கடிதம் வந்ததோ?” என்று கேட்டா. வந்தது, ஆனால் வேறு ஆள் எழுதினது என்றேன். அவ கரண்டியைத் தள்ளிவிட்டு, அலுமாரியில் இருந்த பிஸ்கட் தகரத்தை எடுக்கச் சொன்னா. உள்ளே அவவின் தாயின் கடிதங்கள். பத்தொன்பது வருஷத்துக் கடிதங்கள். தாய்க்கு எழுதத் தெரியாது. ஊர்ப் பள்ளிக்கூட மாஸ்டரைக் கூப்பிட்டு, வீடு முழுக்கச் சனம் இருக்க, தாய் சொல்லச் சொல்ல அவர் எழுதுவாராம். அந்தக் கடிதங்களில் மழை, மாடு, உருளைக்கிழங்கு, பிறகு பழமொழி. ஒரு கடிதத்தில் ஆறு பழமொழி, ஏழு பழமொழி. இளவயதில் அதை வாசித்து இவவுக்கு ஆத்திரம் வருமாம். தாய் செத்த பிறகு தம்பி எழுதின கடிதத்தில்தான் தெரிந்ததாம், தாய்க்குக் கடைசி ஐந்து வருஷமும் இரண்டு கண்ணும் தெரியாது என்று.

அவ சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். “எழுதுறவன் பக்கத்திலை இருக்கேக்கை ஒரு மனுசி என்னத்தைச் சொல்லுறது? ஊருக்குப் பொதுவானதைத்தான் சொல்லலாம். என்ரை தம்பி பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கை, ஊர்ச் சொல்லுகளை எல்லாம் வீட்டிலை கேட்டுக் கொப்பியிலை எழுதிக்கொண்டு வரச்சொன்னவை. அம்மா இருந்த இருப்பிலை எண்பது சொல்லிக் குடுத்தவ. எண்பது! அந்தக் கொப்பியை அரசாங்கம் வாங்கிப் பத்திரமா வைச்சிருக்குது. எனக்குக் கண் தெரியேல்லை எண்ட ஒரு சொல்லை அம்மா சொல்லேல்லை.”

பிறகு என்னைப் பார்த்து, “உன்ரை ஆள் என்ன பழமொழி எழுதியிருக்கிறார்?” என்று கேட்டா. ஒன்றும் இல்லை, நான் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன். மிஸிஸ் டோலன் தகரத்தை மூடினா. “பாவம் அந்த மனுசன்” என்றா. அதற்கு ஒரு பழமொழியும் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. இடது கையில் கோப்பை. காய்ச்சலில் கிடந்தபோதும் இடது கையால் ஒரு மிடறு குடிக்காத மனிதர் நீங்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று தரிப்பிடம் போய்விட்டேன்.

உங்கள் வலது கைக்கு என்ன நடந்தது?

கண்ணாடி உடையவில்லை. மலேரியாவும் இல்லை. கையைத்தான் என்னிடமிருந்து ஒளிக்கிறீர்கள். உடம்பில் ஒரு பழுது இருந்தாலும் தள்ளிவிடுவார்கள் என்று நான்தானே எழுதினேன். பஸ்ஸில் கேட்ட கதையை எழுதி உங்களை ஒரு வருஷம் வாய் பேசாமல் வைத்திருந்திருக்கிறேன். அடுத்த நாளே லீவு போட்டுவிட்டுக் குடிவரவு அலுவலகத்துக்குப் போய், மொழிபெயர்க்கிற பிள்ளையை வைத்துக் கேட்டேன். கைக்காக யாரையும் தள்ளுவதில்லையாம். இடது கையால் போட்டாலும் கையெழுத்துத்தானாம். எழுதவே முடியாதவர்கள் பெருவிரல் வைக்கலாமாம்.

பெரிய சுமையாகி விடுவேன் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு உங்கள் கை வேண்டாம். இல்லை, அப்படி எழுதுவது பொய். அந்தக் கை எனக்கு வேண்டும்தான், அந்த எழுத்தும் வேண்டும்தான். அதை நினைத்து அழுதுகொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தக் கை இல்லாத நீங்கள் எனக்கு அதைவிட வேண்டும். நாலு வருஷமாகப் போகிறது. காலையில் தேத்தண்ணி வைக்கும்போது மூன்று கோப்பையை எடுத்து, ஒன்றைத் திருப்பி வைக்கிறேன்.

சட்டத்தை எடுத்துவிட்டேன். இந்த முறை பயத்தில் இல்லை, தெளிவோடு எழுதுகிறேன். ஒரு தாள் நிறையப் பழமொழி எழுதினாலும் வாசிப்பேன். ஆனால் கிளாலியில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

உங்கள்
புனிதவதி


† உ

அக்கராயன்
6 ஏப்ரல் 1997

அன்புள்ள தங்கச்சி புனிதவதிக்கு,

கடவுள் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்களையும் பிள்ளையையும் அவர் காப்பாராக. இந்த முறை நான் யாருக்காகவும் எழுதவில்லை. உங்கள் கணவரின் உத்தரவோடு நானே எழுதுகிறேன்.

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் கிளாலிக்குப் போகிற வழியில் ஷெல் விழுந்தது. உங்கள் கணவருக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்தார். கண் விழித்ததும் என்னிடம் முதலில் கேட்டது, “பாரங்கள் நனைஞ்சு போச்சோ?” என்றுதான். பிறகு உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். நான் சத்தியத்தை மீறவில்லை. கோப்பையைப் பற்றி மட்டும் எழுதினேன். ஆண்டவர் அதை மன்னிப்பார் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவர் வேலிக்கரையில் போய் இருந்து தனியாக வாசித்தார். திரும்பி வந்து என்னிடம் ஒரு சிலேற்றும் பென்சிலும் கேட்டார். பெருவிரல் வைக்கலாம் என்று சொன்னேன். “சங்கக் கடை மனேஜர் பெருவிரல் வைக்கிறதோ?” என்று என்னோடு சண்டைக்கு வந்தார். என் மனைவி முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவ. அந்தப் பிள்ளைகளோடு கடைசி வாங்கில் இருந்து, இடது கையால் அ, ஆ எழுதிப் பழகினார். இருபத்தாறு நாள். பிள்ளைகள் அவருக்குப் பிழை திருத்தினார்கள்.

மூன்று புள்ளடிக்கும் நேரே மூன்று கையெழுத்தும் வைத்தாகிவிட்டது. பாரங்களைச் செல்வரட்ணத்தின் ஆள் நேரே கொழும்புக்குக் கொண்டுபோகிறார். ஜூனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்குள் இன்னொரு தாள் இருக்கிறது. அதை அவர் எழுத ஒரு பகல் முழுதும் எடுத்தது. நான் பக்கத்தில் இருக்கவில்லை. அவர் இருக்க விடவில்லை.

அன்புடன்,
சூ. கிறிஸ்துநாயகம்


உ

புனிதம்

கண்ணாடி உடையேல்லை. இப்ப ரெண்டு இருக்கு.

இடது கைக்காகப் பிள்ளையைப் பேசினது பிழை எண்டு சொல்லும்.

பழமொழி கனக்க இருக்கு. கை உளையுது. வந்து சொல்லுறன்.

கிளாலியிலை நீர் கேட்டதுக்கு மறுமொழி

ஓம்